ஆயில் குடிக்கும் புரோபாக்ஸ்: இன்ஜினை மாற்றுவதா, ரிங் மாற்றுவதா?

கேள்வி: என்னிடம் 2004-ஆம் ஆண்டு டொயோட்டா புரோபாக்ஸ் கார் இருக்கிறது. 2012-இல் ஜப்பானிலிருந்து வந்து, எட்டு ஆண்டுகள் ரங்கூனில் டாக்சியாக ஓடிய வண்டி. இப்போது பெகுவுக்கும் ரங்கூனுக்கும் வாடகைக்கு ஓட்டுகிறேன். மீட்டர் 2,86,000 கிலோமீட்டர் காட்டுகிறது. ஆயிரம் கிலோமீட்டருக்கு முக்கால் லிட்டர் ஆயில் ஊற்ற வேண்டியிருக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை ஒரு முறை குப்பென்று வந்து நின்றுவிடுகிறது. அதோடு இரண்டு மூன்று விநாடி கடகடவென்று சத்தமும் கேட்கிறது. ஏசி போட்டுக்கொண்டு சிக்னலில் நின்றால் வண்டி நடுங்குகிறது. ஒரு மெக்கானிக், ஜப்பானிலிருந்து வந்த பழைய இன்ஜின் தன்னிடம் இருப்பதாகவும் அதை மாற்றிவிடலாம் என்றும் சொல்கிறார். இன்னொருவர் போர் செய்து (சிலிண்டர் சுவரைக் கடைந்து) பிஸ்டன், ரிங் மாற்றச் சொல்கிறார். 92 ஆக்டேனுக்குப் பதிலாக 95 ஆக்டேன் பெட்ரோல் போட்டாலே போதும் என்பது என் மைத்துனரின் கட்சி. நான் யார் சொல்வதைக் கேட்பது? — பெகு வாசகர் ஒருவர்

பதில்: மூவரில் எவர் பேச்சையும் இப்போதைக்குக் கேட்க வேண்டாம் என்பதே என் முதல் ஆலோசனை. ஏனெனில், நீங்கள் எழுதியிருப்பதை இரண்டு முறை படித்துப் பார்த்தும், அந்த இன்ஜினில் ஒருவராவது எதையாவது அளந்து பார்த்ததாகத் தெரியவில்லை. ஆயில் எந்த வழியாகப் போகிறது என்று தெரியாமல் இன்ஜினை இறக்குவது, ஓட்டை எங்கே என்று பாராமல் கூரை முழுவதையும் பிரிப்பதற்குச் சமம். மழைக்காலத்துக்கு முன் அப்படிப் பிரித்துவிட்டுத் தவித்தவர்களை நம் ஊர்களில் நிறையப் பார்த்திருக்கிறோம்.

அதற்கும் முன்பாக, இன்றைக்கே செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. ஃபில்டரையும் சேர்த்து மாற்றும்போது இந்த இன்ஜினுக்குள் போகும் ஆயில் மொத்தம் 3.7 லிட்டர்தான். ஆயிரத்துக்கு முக்கால் லிட்டர் வீதம் குறைந்தால், மூவாயிரம் கிலோமீட்டரில் இரண்டேகால் லிட்டர் போய்விடும். மீதி ஒன்றரை லிட்டர்கூட இராது. அடுத்த ஆயில் மாற்றம் ஐயாயிரத்தில்தானே என்று அதுவரை பானெட்டைத் திறக்காமல் இருந்தால், நெடுஞ்சாலையில் ஓர் ஏற்றத்திலோ திருப்பத்திலோ ஆயில் பம்ப் காற்றை உறிஞ்சத் தொடங்கும். இன்ஜினுக்கு உண்மையான ஆபத்து அதுதான். ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் வரை செலவாகலாம் என்று டொயோட்டாவின் கையேடுகளே வரம்பு சொல்வதுண்டு என்பதால், உங்கள் வண்டி ஏட்டளவில் இன்னும் தேறிய வண்டிதான். ஆனால், வாடகைக்கு ஓடும் வண்டியில் அந்த வரம்பை நம்பி, ஆயில் மட்டம் பார்க்கும் ஸ்டிக்கைப் பார்க்காமல் இருப்பதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். தினமும் காலையில், சமதரையில், ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஸ்டிக்கைத் துடைத்துப் பாருங்கள். ஊற்றிய அளவையும் அன்றைய கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். மூன்று வாரத்தில் அந்த நோட்டு சொல்வதை எந்த மெக்கானிக்கின் காதும் சொல்லாது.

இனி, உங்களிடம் இருப்பது எந்த இன்ஜின் என்பதை முடிவு செய்துகொள்வோம். கடிதத்தில் 'புரோபாக்ஸ்' என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். 2002-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அந்த முதல் வரிசையில் இரண்டு பெட்ரோல் இன்ஜின்களும் ஒரு சிறிய டீசல் இன்ஜினும் இருந்தன. என்.சி.பி. 50 என்று வண்டியின் மாடல் தகட்டில் இருந்தால் அது 1.3 லிட்டர் 2என்இசட்-எஃப்இ, என்.சி.பி. 51 என்றால் 1.5 லிட்டர் 1என்இசட்-எஃப்இ; என்.சி.பி. 55 என்றால் அதே 1.5 லிட்டர், நான்கு சக்கர இழுவையோடு. இரண்டு பெட்ரோல் இன்ஜின்களுக்கும் சிலிண்டர் விட்டம் ஒன்றே, 75 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்தான் வேறு: சிறியதில் 73.5, பெரியதில் 84.7 மில்லிமீட்டர். அதனால்தான் ஒன்று 1298 சி.சி., மற்றது 1496 சி.சி. (பெரியதை 1497 என்று போட்ட புத்தகங்களும் உண்டு, இரண்டும் ஒன்றுதான், குழம்ப வேண்டாம்.) இரண்டுக்கும் மேலே இரட்டை கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), பதினாறு வால்வு, காற்று நுழையும் இன்டேக் பக்கம் மட்டும் வி.வி.டி.-ஐ (வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் அமைப்பு), பெல்ட்டுக்குப் பதிலாக டைமிங் செயின். வெளியில் நின்று பார்த்தால் அண்ணன் தம்பி போல இருக்கும், 1.5 என்று சொல்லி 1.3 இன்ஜினைத் தலையில் கட்டிவிடுவது எளிது என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். பெரியது 6000 சுற்றில் 109 குதிரைத்திறன் தரும். சிறியது 87 அளவில் நின்றுவிடும். நான்கு ஆட்களையும் அவர்கள் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு ஓடுபவருக்கு இந்த வேறுபாடு முதல் நாளே தெரிந்துவிடும்.

உங்களுடையது 1.5 என்று வைத்துக்கொண்டே மேலே எழுதுகிறேன். 1.3 ஆனாலும் சோதிக்கும் முறை மாறாது.

மைத்துனரின் யோசனையை முதலில் முடித்துவிடலாம். இந்த இன்ஜினின் கம்ப்ரஷன் விகிதம் 10.5-க்கு 1. ஜப்பானில் இது சாதாரண ரெகுலர் பெட்ரோலில் ஓடுவதற்காகவே அமைக்கப்பட்டது. அங்கே ரெகுலர் என்பது 90 ஆக்டேனை (பெட்ரோல் தட்டாமல் எரியும் தன்மையைச் சொல்லும் எண்) ஒட்டியது. ஆகவே, நம் பம்புகளில் கிடைக்கும் 92 கலப்படம் இல்லாமல் இருந்தால் அதுவே போதும். ஆக்டேனுக்கும் ஆயில் குடிப்பதற்கும் உறவே இல்லை. பாரத்தோடு ஏறும்போது 'டிக் டிக்' என்று தட்டும் சத்தம் வந்தால் மட்டும் ஒரு டேங்க் 95 போட்டுப் பாருங்கள். அதில் நின்றால் பெட்ரோலைச் சந்தேகிக்கலாம். நிற்காவிட்டால் கரி படிந்த இன்ஜினைச் சந்தேகிக்க வேண்டும்.

ஆயில் குறைவதற்கு இரண்டே வழிகள்: வெளியே ஒழுகுவது, உள்ளே எரிவது. முதலாவதைக் கண்டுபிடிக்க ஒரு பழைய அட்டைப்பெட்டி போதும். அதைப் பிரித்து, இரவு வண்டியை நிறுத்தியதும் இன்ஜினுக்கு நேர் கீழே விரித்து வையுங்கள். காலையில் சொட்டு எந்த இடத்தில் விழுந்திருக்கிறது என்று பார்த்தால், மேலே எங்கே தேடுவது என்பது தெரிந்துவிடும். செயின் கவரின் விளிம்பில் பூசிய சீலண்ட் காய்ந்து கசிவது, ஹெட் கவர் ரப்பர் கல்லாகிப் போவது, கியர்பாக்ஸ் பக்கத்து ஆயில் சீல் தேய்வது ஆகிய மூன்றையும் இந்த வயதுள்ள வண்டிகளில் அடிக்கடி காண்கிறேன். இவை எதற்கும் இன்ஜினைப் பிரித்துப் போட வேண்டியதில்லை. கடைசியில் சொன்ன சீலுக்கு மட்டும் கியர்பாக்ஸை இறக்க வேண்டும்.

ஆனால், நீலப் புகையைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பதால் உள்ளேயும் எரிகிறது என்பது உறுதி. அந்தப் புகை எப்போது வருகிறது என்பதே இங்கு முக்கியம். இரவெல்லாம் நின்ற வண்டியில், வால்வுத் தண்டைச் சுற்றியுள்ள சிறிய ரப்பர் சீல் காய்ந்து போயிருந்தால், ஆயில் தண்டு வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கி வால்வின் மேல் தேங்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் அது எரிந்து ஒரு குப்பென்ற புகையாகப் போய், பிறகு நின்றுவிடும். நெரிசலில் பத்து நிமிடம் நின்றுவிட்டு எடுக்கும்போதும் அப்படியே ஒரு முறை வரும். இதற்கு மாறாக, ஆயில் ரிங் கரியில் ஒட்டிக்கொண்டிருந்தால், ஓடும்போதும் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதும் புகை விடாமல் வந்துகொண்டிருக்கும். இதை ஓட்டுபவரால் சரியாகக் காண முடியாது. ஒரு நண்பரைப் பின்னால் மோட்டார் சைக்கிளில் வரச் சொல்லிப் பார்க்கச் செய்யுங்கள். நீங்கள் எழுதியபடி காலைப் புகை மட்டும்தான் என்றால், என் சந்தேகம் ரிங்கைவிட வால்வு சீல் மீதுதான் அதிகம் போகிறது. தெரிந்த கையாக இருந்தால், ஹெட்டைக் கழற்றாமலே, பிளக் துளை வழியாகக் காற்றழுத்தம் கொடுத்து வால்வு கீழே விழாமல் நிறுத்தி, எட்டு எட்டாகப் பதினாறு சீலையும் மாற்றிவிடலாம்.

அதற்கும் முன்பாக, மிகச் சிறிய ஒரு பொருளைப் பார்த்துவிடுங்கள். ஹெட் கவரின் மேல் ரப்பர் குழாயோடு பொருந்தியிருக்கும் பி.சி.வி. வால்வைத்தான் (இன்ஜினுக்குள் சேரும் ஆவியை இன்டேக்குக்குத் திருப்பி அனுப்புவது) சொல்கிறேன். கட்டைவிரல் அளவுகூட இராது. அதைத் திருகி எடுத்துக் காதருகே குலுக்கினால் உள்ளே 'கடக் கடக்' என்று ஆட வேண்டும். ஹெட் கவர் பக்கமிருந்து ஒரு சுத்தமான குழாயை வைத்து ஊதினால் காற்று தாராளமாகப் போக வேண்டும். மறுபக்கமிருந்து ஊதினால் தடைபட வேண்டும். (வாயை நேராக வைக்காதீர்கள், உள்ளே பெட்ரோல் ஆவியும் கரியும் இருக்கும்.) இது அடைத்துக்கொண்டால் இன்ஜினின் வயிற்றில் அழுத்தம் கூடி, ஆயில் ரிங்கைத் தாண்டி மேலேறும், சீல்களின் வழியாக வெளியிலும் கசியும். திறந்தபடியே நின்றுவிட்டால் ஆயிலை இன்டேக் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன், இதே 1என்இசட் இன்ஜினுக்கு நானே ஹெட்டைக் கழற்றி, புது ரிங் போட்டுக் கொடுத்தேன்; பழைய பி.சி.வி. வால்வை மட்டும் பெட்ரோலில் கழுவி அப்படியே மாட்டிவிட்டேன். ஒரே மாதத்தில் அந்த வண்டி அதே புகையோடு பட்டறை வாசலில் வந்து நின்றது. வால்வின் உள்ளே ஸ்பிரிங் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த வாடிக்கையாளர் என்னைத் திட்டவில்லை என்பதுதான் இன்றைக்கும் எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

அடுத்தது, சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று அளக்கும் கம்ப்ரஷன் சோதனை. இதை முறையாகச் செய்யாமல் 'பார்த்தேன், குறைவாக இருக்கிறது' என்று சொல்பவர்களே அதிகம். இன்ஜின் நன்றாகச் சூடேறியிருக்க வேண்டும். நான்கு பிளக்குகளையும் எடுத்திருக்க வேண்டும். பிளக்குகளுக்கு மின்பொறி தரும் காயில்களின் இணைப்பையும், பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் இணைப்புகளையும் கழற்றியிருக்க வேண்டும். பேட்டரி பலமாக இருக்க வேண்டும். காற்றை உள்ளே விடும் திராட்டில் முழுவதும் திறந்திருக்க வேண்டும். ஒவ்வொரு சிலிண்டரிலும் மீட்டரை வைத்து, முள் ஏறி நிற்கும் வரை ஐந்தாறு சுற்றுச் சுற்றுங்கள். நல்ல நிலையில் உள்ள 1என்இசட் இன்ஜின் சதுர சென்டிமீட்டருக்கு 15 கிலோ காட்டும். 11 கிலோவுக்குக் கீழே போனால் வேலை இருக்கிறது என்று பொருள். அதைவிட முக்கியம், நான்கு சிலிண்டர்களுக்கும் இடையே 1 கிலோவுக்கு மேல் வேறுபாடு இருக்கக் கூடாது என்பது. நான்கும் 13, 13, 13, 12.5 என்று வந்தால் அந்த வயதுக்கு அது மரியாதையான இன்ஜின்; அதை இறக்கச் சொல்பவரிடம் காரணம் கேளுங்கள். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால், அந்தச் சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளந்து பாருங்கள்: அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கட்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கம்ப்ரஷனைத் தாங்குபவை மேலுள்ள இரண்டு ரிங்குகள். ஆயிலை வழித்து இறக்குவது மூன்றாவது ரிங். மூன்றாவது ரிங் கரியில் ஒட்டிக்கொண்டு, மேலிரண்டும் நன்றாக இருந்தால், மீட்டர் 14 காட்டிக்கொண்டே வண்டி ஆயில் குடிக்கும். ஆயில் மாற்றத்தைத் தள்ளிப்போட்டு நெரிசலில் ஓடிய டாக்சிகளில் இது வெகு சாதாரணம். உங்கள் வண்டியின் எட்டு ஆண்டு ரங்கூன் வாழ்க்கையை நினைத்தால் இதையும் நான் ஒதுக்கிவிட மாட்டேன். பிளக்குகளைப் பார்த்தால் தெரியும்: நான்கில் எதன் முனையில் வெள்ளைச் சாம்பல் கட்டியாகவோ கருமையாக ஈரமாகவோ படிந்திருக்கிறதோ, அந்தச் சிலிண்டரில் ஆயில் எரிகிறது. அப்படி இருந்தால், கரி கரைக்கும் திரவத்தைப் பிளக் துளை வழியாக விட்டு ஓர் இரவு ஊற வைத்து, மறுநாள் பிளக் மாட்டாமலே இன்ஜினைச் சுற்றி அதை வெளியேற்றி, உடனே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிப் பாருங்கள். சில வண்டிகளில் பாதியாகக் குறைந்ததைப் பார்த்திருக்கிறேன். சிலவற்றில் ஒன்றும் மாறவில்லை. செலவு சிறியது என்பதால் ஒரு முறை முயல்வதில் தவறில்லை. மாதந்தோறும் செய்யச் சொல்பவரை நம்பாதீர்கள்.

காலைக் கடகடப்புக்கு வருவோம். டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும், வி.வி.டி.-ஐ கியரும் ஆயில் அழுத்தத்தால் வேலை செய்பவை. ஆயில் குறைந்தால் இரண்டும் தாமதமாகவே விழிக்கும். அந்த இரண்டு மூன்று விநாடிச் சத்தம் அதுதான். ஆகவே, ஸ்டிக்கின் மேல் கோட்டளவுக்கு ஆயிலை வைத்துக்கொண்டு ஒரு வாரம் கேட்டுப் பாருங்கள். சத்தம் நின்றால் ஆயிலின் குறை; நிற்காவிட்டால் செயின் நீண்டிருக்கலாம். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரில் பி0016 என்ற குறி வந்தால், கிராங்குக்கும் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) கேமுக்கும் இடையே பொருத்தம் விலகியிருக்கிறது என்று பொருள். அப்போது செயின், டென்ஷனர், கைடு எல்லாவற்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பி0011, பி0012 என்று வந்தால் முதலில் வி.வி.டி. ஆயில் வால்வையும் அதன் சிறு சல்லடையையும் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். அந்த வால்வின் சுருளை ஓம் மீட்டரில் வைத்தால் 7 ஓமை ஒட்டிக் காட்ட வேண்டும்.

சிக்னலில் நடுங்குவது பெரும்பாலும் தனி நோய். திராட்டில் பாடியின் தகட்டைச் சுற்றிக் கறுப்பு வளையம் கட்டியிருக்கும், அதைத் துடையுங்கள். காற்று அளக்கும் சென்சாருக்கு அதற்கென்று விற்கும் ஸ்ப்ரே மட்டும்; துணி படக் கூடாது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் காயில் இருப்பதால், சந்தேகப்படும் காயிலை அடுத்த சிலிண்டருக்கு மாற்றிப் போட்டாலே, குறையும் அதோடு கூட இடம் மாறுகிறதா என்பது தெரிந்துவிடும். எல்லாம் சரியாக இருந்தும் நடுக்கம் கியரில் போட்டால் மட்டும் கூடினால், இன்ஜின் மவுண்ட் தொய்ந்திருக்கிறது.

இப்போது பழைய இன்ஜின் விற்பவரின் யோசனை. சோதனைகள் எல்லாம் கைவிரித்த பிறகு அதுவே சிக்கனமான வழியாக இருக்கலாம் என்பதை மறுக்கவில்லை. இந்த 1என்இசட்-எஃப்இ, சக்சீட், ஃபீல்டர், பிபி, இஸ்ட், சியண்டா என்று பல வண்டிகளில் வந்திருப்பதால் கிடைப்பதும் எளிது. ஆனால், பெயர் ஒன்றாக இருந்தாலும் உடுப்பு ஒன்றல்ல. சிலவற்றில் திராட்டில் கேபிளால் இழுக்கப்படும். சிலவற்றில் மோட்டாரால் திறக்கும். வயரிங்கும் கம்ப்யூட்டரும் அதற்கேற்ப மாறும். ஆகவே, வெறும் இன்ஜினை மட்டும் வாங்கி, உங்கள் வண்டியின் இன்டேக், திராட்டில், சென்சார், ஆல்டர்னேட்டர் ஆகியவற்றை அதில் ஏற்றுவதுதான் தலைவலி இல்லாத வழி. 1என்இசட்-எஃப்எக்ஸ்இ என்று எழுதியிருந்தால் தொடவே வேண்டாம். அது பிரியஸ், அக்வா போன்ற ஹைப்ரிட் வண்டிகளின் இன்ஜின். மின்மோட்டாரின் துணையோடு ஓடுவதற்காக வால்வு நேரமும் கம்ப்ரஷனும் வேறாக அமைந்தது. பிரியஸில் அது தனியாகத் தந்தது 77 குதிரைத்திறன்தான். 2014-க்குப் பிந்தைய புது முக புரோபாக்ஸில் 1.3 லிட்டர் இன்ஜின் 1என்ஆர்-எஃப்இ என்ற வேறு குடும்பம், அதுவும் பொருந்தாது.

வாங்குவதற்கு முன் ஆயில் மூடியைத் திறந்து விளக்கடித்துப் பாருங்கள். உள்ளே தேன் நிறம் இருந்தால் நல்லது. தார் போல் அப்பியிருந்தால் அது உங்கள் இன்ஜினைவிட மூத்தது. மூடியின் அடியில் டீக்கடை லப்பேயே (பால் டீ) நிறத்தில் நுரை இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. மேலே சொன்ன கம்ப்ரஷன் சோதனையை உங்கள் கண்முன் செய்து காட்டச் சொல்லுங்கள். மறுப்பவரிடம் வாங்காதீர்கள். இன்னொன்று: இன்ஜின் மாறினால் எண் மாறும். வீல்டாக்ஸில் (வண்டியின் பதிவுப் புத்தகம்) உள்ள எண்ணும் இன்ஜினில் உள்ள எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் வண்டியை விற்கும் நாளில் சிக்கல் வரும். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே க-ஞ-ன (சாலைப் போக்குவரத்து நிர்வாகத் துறை) அலுவலகத்தில் என்னென்ன தாள் வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

போர் செய்வதை நான் பரிந்துரைக்கவில்லை. இது பழைய இரும்பு பிளாக் அல்ல. அலுமினிய பிளாக்குக்குள் மெல்லிய இரும்பு லைனர். கடைந்து எடுக்க அதில் சதை இல்லை. சுவரில் கோடு விழாமல் இருந்தால் ரிங், வால்வு சீல், செயின் ஆகியவற்றோடு முடித்துக்கொள்ளலாம். கோடு விழுந்திருந்தால் அந்த பிளாக்கை மாற்றுவதே மேல். ஹெட்டைக் கழற்ற நேர்ந்தால் அதன் முகம் 0.05 மில்லிமீட்டருக்கு மேல் வளைந்திருக்கிறதா என்று நேர்சட்டம் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வெயில் காலத்துச் சூட்டுக்குப் பயந்து யாராவது தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்திருந்தால் அதைத் திரும்பப் போடுங்கள்; 80 டிகிரியைத் தாண்டித் திறக்கும் அந்தச் சிறு கதவு இல்லாமல் ஓடினால் இன்ஜின் சூடேறாமலே பெட்ரோலை அதிகம் குடிக்கும்; எரியாத பெட்ரோல் ஆயிலில் கலந்து அதை நீர்த்துப்போகச் செய்யும்.

ஆயிலைப் பொறுத்தவரை, 5டபிள்யூ-30 இதற்கு உரியது. நம் வெயிலுக்கு 10டபிள்யூ-30-உம் ஒத்துக்கொள்ளும். குடிப்பதைக் குறைக்க 20டபிள்யூ-50 போன்ற கெட்டி ஆயிலை ஊற்றச் சொல்வார்கள். மெல்லிய துளைகள் வழியாக வி.வி.டி. கியருக்கும் டென்ஷனருக்கும் போக வேண்டிய ஆயில் அது என்பதால், புகை குறைந்தாலும் காலைச் சத்தம் கூடும்.

பி.சி.வி. வால்வை மாற்றிவிட்டு, மூன்று வார நோட்டோடு நான்கு சிலிண்டர்களின் எண்களையும், பிளக்குகள் எந்த நிறத்தில் இருந்தன என்பதையும் எழுதி அனுப்புங்கள்; ஹெட்டைத் திறப்பதா இல்லையா என்பதை அப்போது சொல்கிறேன். அதுவரை இருவருக்கும் முன்பணம் கொடுக்க வேண்டாம்.